அக்காவைக் கேளுங்க: ஸ்பைடர்மேன் எந்த சைஸ்ல வாங்கறது?

கேள்வி: அக்கா, எங்க அண்ணன் பையனுக்கு வர்ற மாசம் மூணு வயசு முடியுது. எந்நேரமும் ஸ்பைடர்மேன்தான், சோபா மேல ஏறி குதிக்கறான். பிறந்தநாளுக்கு ஆன்லைன்ல ஒரு 6 இன்ச் ஆக்‌ஷன் ஃபிகர் பாத்து வச்சிருக்கேன், முட்டி முழங்கை எல்லாம் மடங்குது, மாத்தி மாத்தி சொருக கையே நாலு ஜோடி குடுக்கறாங்க. டப்பால 14+னு இருக்கு, ஆனா பையன் செம சூட்டிகை. வாங்கிடட்டுமா? (ஈரோட்டு அத்தை)

பதில்: வேணாம்மா. நீ பாத்தது அலமாரில நிக்க வச்சு அழகு பாக்கற பெரியவங்க சாமான். நம்ம ஊர்ல பொம்மைக்கான கட்டாய தர விதி 14 வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்க விளையாடற சாமானுக்குத்தான், 14+னு போட்டா அது அந்த கணக்குலயே வராது. அவன் சூட்டிகையா இருக்கட்டும், தொண்டை மூணு வயசுத் தொண்டைதானே.

அந்த நாலு ஜோடி கைதான் எனக்கு பயமே. பொம்மைய டெஸ்ட் பண்ற இடத்துல 31.7 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு உருளை வச்சிருப்பாங்க, கழண்டு வர்ற துண்டு எதுவும் அதுக்குள்ள முழுசா அடங்கிட்டா அது மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு ஆகாது. உங்க பையனுக்கு மூணு முடியுதுதான், ஆனா கேக் வெட்டின மறுநாளே வாயில வைக்கறத நிறுத்திடுவானா என்ன. வீட்ல டிஷ்யூ ரோலோட அட்டைக்குழாய் இருந்தா அதுல போட்டு பாரு, அந்த உருளைய விட கொஞ்சம் அகலம்தான், அதுலயே உள்ள போகாத சாமான்னா நிம்மதி.

12 இன்ச் பொம்மையா பாரு. கழுத்து, ரெண்டு தோள், ரெண்டு தொடை, இவ்ளோ மடங்கினா போதும், மூட்டு கம்மியானா உடையறதும் கம்மி. சுடற மாதிரி எதுவும் வேணாம். 1979லயே ஸ்டார் வார்ஸ் போபா ஃபெட் பொம்மைக்கு முதுகுல இருந்து பாயற ராக்கெட்னு விளம்பரம் பண்ணிட்டு, கடைசில ராக்கெட்ட அசையாம ஒட்டித்தான் அனுப்பினாங்க, ஏன்னா அதுக்கு கொஞ்சம் முன்னாடி இன்னொரு பொம்மையோட ஏவுகணை தொண்டைல சிக்கி ஒரு குழந்தை இறந்துபோச்சு.

கேள்வி: திருவிழாக் கடைல லைட் எரியற ஐயர்ன்மேன் 150 ரூபாய்க்கு வாங்கினோம். பிள்ளைக்கு குடுக்கலாமா?

பதில்: ஐஎஸ்ஐ முத்திரை இருக்கா? 2021 ஜனவரி 1ல இருந்து பொம்மைக்கு அது கட்டாயம். அடுத்து பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க. நகத்தால நெம்பினா திறக்குதுன்னா இன்னிக்கே எடுத்து வச்சிடுங்க, உள்ள இருக்கற பட்டன் பேட்டரிய முழுங்கி அது உணவுக்குழாய்ல மாட்டினா ரெண்டு மணி நேரத்துலயே வெந்து புண்ணாக்கிடும். அப்படி முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

கேள்வி: என் பொண்ணு, 4 வயசு, வில்லன் பொம்மைதான் வேணும்னு அடம். மாமியார் வேணவே வேணாங்கறாங்க.

பதில்: வாங்கிக் குடுங்க. வில்லன் இல்லாம ஹீரோ யார அடிப்பாரு? மாமியார உக்கார வச்சு ஹீரோ பொம்மைய அவங்க கைல குடுத்துடுங்க.