பறக்கிறவனுக்கும் ஒரு விதி வேண்டும்

(வாசகர் கேள்வி – பதில். இம்முறை அறிபுனைப் படங்களும் சூப்பர் ஹீரோ படங்களும் மட்டும்.)

'எண்ட்கேம்' பார்த்ததற்குப் பிறகு மார்வெல் படம் எதிலும் மனம் ஒட்டுவதில்லை. எனக்கு வயது போய்விட்டதா, படங்கள்தான் கெட்டுவிட்டனவா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

உங்கள் வயதைக் குறை சொல்ல வேண்டாம். 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' அதற்கு முன் வந்த 21 படங்களின் கணக்கையும் 181 நிமிடத்தில் தீர்த்து வைத்தது. அதோடு ஒரு மூச்சு விட்டிருக்கலாம். விடவில்லை. 2021இல் மட்டும் நான்கு திரைப்படங்களும் ஐந்து தொடர்களும் வந்தன. 2022இல் வந்த இரண்டாவது 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' படத்தில் வாண்டா என்ற சூனியக்காரி ஏன் பிள்ளைகளைத் தேடி அலைகிறாள் என்று விளங்க, 'வாண்டாவிஷன்' தொடர் பார்த்திருக்க வேண்டும். காசு கொடுத்து வந்தவனுக்கு வீட்டுப்பாடம்.

அதைவிடப் பெரிய பிழை, பல பிரபஞ்சங்கள் என்ற ஏற்பாடு. ஒருவன் செத்தால் பக்கத்துப் பிரபஞ்சத்திலிருந்து அவனையே கூட்டி வரலாம் என்றால் சாவுக்கு என்ன பெறுமதி? 2017இல் 'லோகன்' படத்தில் வுல்வரின் என்ற நாயகனைப் புதைத்தார்கள். 2024இல் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' அந்தக் குழியைத் தோண்டுவதிலேயே தொடங்குகிறது. அதைப் பகிடியாக்கியதால் அந்தப் படம் தப்பியது. எல்லாப் படமும் அப்படித் தப்ப முடியாது.

2025இல் வந்தவற்றில் இரண்டைப் பாருங்கள். ஜேம்ஸ் கன்னின் 'சூப்பர்மேன்' பிறந்த கதை, வளர்ந்த கதையை எல்லாம் விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோற்றுப் பனியில் விழுந்து கிடக்கிற ஆளிலிருந்து தொடங்குகிறது. அவனுக்கு மருந்து சூரிய வெளிச்சம். கிரிப்டனைட் என்ற கல் கிட்ட வந்தால் எழும்பி நிற்கவும் முடியாது. எல்லை இருக்கிற பலம் என்பதால் அடி விழும்போது நமக்கும் பயம் வருகிறது. மற்றது 'தி ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்'. 1960களின் சாயலில் தனி உலகம். முன்படம் ஒன்றும் தெரியாமலே பார்க்கலாம். கடைசிச் சண்டை வழமையான கட்டட இடிப்புத்தான், அதைச் சகித்துக்கொள்ளுங்கள்.

'மின்னல் முரளி', 'லோகா': எது திறம்?
– வாசகர், காத்தான்குடி

இரண்டும் மலையாளப் படம். திரைக்கதைக்கு 'மின்னல் முரளி' (2021), உலகத்தைக் கட்டியதற்கு 'லோகா' (2025).

'மின்னல் முரளி'யில் ஒரே இரவில் மின்னல் இரண்டு பேரைத் தாக்குகிறது. பலம் ஒன்று, ஆள் இரண்டு. ஆகவே இருவருக்கும் உள்ள வித்தியாசம் மனத்தில் மட்டும்தான். குரு சோமசுந்தரத்தின் ஷிபு வில்லன் என்று தெரிந்தும் அவன் பக்கம் நம் மனம் சாய்வது அதனால்தான். பலரும் கதாநாயகனுக்கு ஒரு பலம், வில்லனுக்கு அதைவிடப் பெரிய பலம் என்று ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் வானத்தைப் பிளக்கிறார்கள். இயக்குநர் பாசில் ஜோசப் அந்த ஏணியில் கால் வைக்கவே இல்லை.

'லோகா' கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியின் (பெண் பேயின்) கதையை எடுத்து, அவளை இன்றைய பெங்களூரில் ஒரு வீட்டுக்குக் குடிவர வைக்கிறது. கதையில் ஏற்கெனவே உள்ள பயமும் நியாயமும் அப்படியே பலமாக மாறுகின்றன. இரண்டாம் பாதியில் அடுத்த படங்களுக்கு விதை தூவுகிற அவசரம் தெரிகிறது. மார்வெலைப் பிடித்த நோய் அங்கேதான் தொடங்கியது, கவனம்.

தமிழில் காலப் பயணப் படங்களில் ஓட்டை இல்லாதது எது?
– வாசகர், அக்கரைப்பற்று

ஓட்டை இல்லாதது ஒன்றும் இல்லை, எந்த மொழியிலும் இல்லை. படம் தானே போட்ட விதியைத் தானே மீறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

'இன்று நேற்று நாளை' (2015) விதியை நேர்மையாகப் பிடித்தது: இறந்தகாலத்தில் ஒன்றைத் தொட்டால் நிகழ்காலம் மாறும், அதற்கு விலை உண்டு. '24' (2016) கைக்கடிகாரத்துக்கு 24 மணிநேர எல்லை போட்டு அழகாக விளையாடியது. பிறகு அந்த எல்லையை வருடக்கணக்கில் நீட்டியபோது இறுக்கம் தளர்ந்தது. 'மாநாடு' (2021) இவற்றில் கெட்டிக்காரப் படம். ஒரே நாள் திரும்பத் திரும்ப வருவது கதாநாயகனுக்கு மட்டும் தெரிந்தால் அவன் நோகாமல் ஜெயித்துவிடுவான். அதனால் நடுவழியில் வில்லனுக்கும் அந்த ஞாபகத்தைக் கொடுத்தார்கள். எஸ்.ஜே. சூர்யா எரிச்சலோடு அதே நாளுக்கு மறுபடி மறுபடி வந்து நிற்பது சிரிப்புக்கு மட்டுமல்ல. திரைக்கதையின் தராசு அங்கேதான் சமப்படுகிறது.

'இண்டர்ஸ்டெல்லர்' படத்தில் ஒரு மணிநேரம் ஏழு வருடம் என்பது நடக்கக்கூடியதா? கம்பஸில் தினமும் சண்டை.
– மாணவி, வந்தாறுமூலை

படத்தில், ஒரு கருந்துளைக்குக் கிட்ட உள்ள கிரகத்தில் ஒரு மணிநேரம் நின்றால் பூமியில் ஏழு வருடம் போய்விடும். கணக்குப்படி இது நடக்கக்கூடியது. ஆனால் மிக இறுக்கமான நிபந்தனையில்.

ஈர்ப்பு கூடிய இடத்தில் நேரம் மெதுவாக ஓடும். இது கற்பனை இல்லை. உங்கள் போன் பாவிக்கிற ஜிபிஎஸ் செய்மதி அமைப்பு அதைத் திருத்தியே ஓடுகிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அந்தச் செய்மதிகளின் கடிகாரம், ஈர்ப்புக் குறைவால் நாளொன்றுக்குச் சுமார் 45 மைக்ரோசெக்கன் முந்துகிறது. வேகத்தால் 7 மைக்ரோசெக்கன் பிந்துகிறது. மிச்சம் 38. இதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் இடம் காட்டுவதில் கிலோமீற்றர் கணக்கில் பிழை சேரும்.

படத்தில் கேட்பது அதைவிடப் பிரமாண்டமான விகிதம். ஏழு வருடத்தை மணியாக்கினால் 61,000க்கு மேல் வரும், அதாவது நேரம் அத்தனை மடங்கு மெதுவாக வேண்டும். சாதாரணக் கருந்துளைக்குக் கிட்டே அந்த அளவு மெதுவான இடத்தில் கிரகம் நிலையாகச் சுற்ற முடியாது, உள்ளே விழுந்துவிடும். படத்தின் அறிவியல் ஆலோசகர் கிப் தோர்ன் (2017இல் பௌதிகவியல் நோபல் பெற்றவர்) போட்ட தீர்வு: கருந்துளை தன்னைத்தானே சுழல வேண்டும், அதுவும் இயற்கை அனுமதிக்கிற உச்சத்துக்கு நூறு டிரில்லியனில் ஒரு பங்கு மட்டுமே குறைவாக. அப்படி ஒன்று இயற்கையில் உருவாவது மிக மிக அரிது. ஆனால் எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை.

சண்டையில் பாவிக்க இன்னொரு கணக்கு. அந்தக் கிரகத்தில் இறங்கியவர்கள் திரும்பி வரும்போது கப்பலில் 23 வருடத்துக்கு மேல் போயிருக்கும். ஏழால் வகுத்தால், அவர்கள் கீழே நின்றது சுமார் மூன்று மணி இருபது நிமிடம். படத்தில் காட்டுகிற தாமதத்துக்கு அது பொருந்துகிறது.

படம் தெரிந்தே செய்த சமரசம் ஒன்றும் உண்டு. கருந்துளையைச் சுற்றும் ஒளித்தட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருவதால் பிரகாசமாகவும் மற்றப் பக்கம் மங்கலாகவும் தெரிய வேண்டும். பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று இரண்டையும் சமமாக்கினார்கள். 2019 ஏப்ரலில் வெளியான எம்87 என்ற விண்மீன் திரளின் கருந்துளைப் புகைப்படத்தில் வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் தடித்து ஒளிர்வதைப் பாருங்கள், விளங்கும்.

புது டிவியில் 'டியூன்' பார்த்தோம். ஒரே இருட்டு, பேச்சு கேட்கவில்லை, மெகா சீரியல் போல வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. டிவி பழுதா?
– வாசகர், சாய்ந்தமருது

பழுதில்லை, கடையில் வைத்த செட்டிங்கோடு ஓடுகிறது.

வழுக்கலுக்குக் காரணம், செக்கனுக்கு 24 சட்டகம் உள்ள படத்துக்கு நடுவில் டிவி தானாகச் சட்டகங்களைச் செருகுவது. சாம்சங்கில் 'பிக்சர் க்ளாரிட்டி' அல்லது 'ஆட்டோ மோஷன் ப்ளஸ்', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று இருக்கும், அணைத்துவிடுங்கள். பிறகு படவகையை 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று மாற்றுங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும், கண் பழகிவிடும்.

இருட்டு, விலை குறைந்த டிவிகளின் எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைவெளியைக் கூட்டிக் காட்டும் முறை) பிரச்சினை. அந்த முறைக்குத் தேவையான ஒளி பெனலில் இல்லாததால், உச்ச வெளிச்சத்தைக் காப்பாற்ற டிவி மற்ற எல்லாவற்றையும் கீழே இறக்குகிறது. எச்டிஆரை நிறுத்திச் சாதாரண முறையில் பாருங்கள். யன்னல் சீலையை மூடுங்கள். அல்லது இருட்டிய பிறகு போடுங்கள்.

பேச்சு: ஒலித்தெரிவில் '5.1' இருந்தால் அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்கு என்று தனியாக இருக்கும். டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குள் அதை நசுக்கும்போது இசையும் வெடியும் வசனத்தை மூடிவிடும். 'ஸ்டீரியோ' என்று தனித் தெரிவு இருந்தால் அதை எடுங்கள். சத்தத்தைக் கூட்டுவது தீர்வல்ல, அடுத்த வீட்டார்தான் எழும்புவார்கள்.

டேட்டா பற்றியும் கேட்டிருந்தீர்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை, சாதாரணத் தரத்தில் 1 ஜிபி. 166 நிமிடம் ஓடும் 'டியூன்' இரண்டாம் பாகத்தின் நீளத்துக்கு எச்டியில் 8 ஜிபிக்கு மேல் போகலாம். இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் அந்த நேரத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கல்லடியில் சூப்பர் ஹீரோ குறும்படம் எடுக்கப்போகிறோம். போன்தான் கமரா. பறக்க வைப்பது எப்படி? மறுகா என்னென்ன பிழைக்கும்?
– இளைஞர் குழு, கல்லடி

முதலில் பிழைப்பது ஒளித்துடிப்பு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன் 30 சட்டகத்தில் 1/60 ஷட்டரில் எடுத்தால் குழல் விளக்கடியில் படம் துடிக்கும். 25 சட்டகம், 1/50 ஷட்டர் என்று பூட்டி வையுங்கள். போனோடு வரும் செயலி விடாவிட்டால் 'பிளாக்மேஜிக் கமரா' இலவசம்.

அதே 1/50ஐ வெயிலில் வைத்தால் படம் வெளுத்துவிடும், ஏனென்றால் பெரும்பாலான போன்களில் ஒளி புகும் துளையைச் சுருக்க முடியாது. லென்ஸின் மேல் மாட்டி ஒளியைக் குறைக்கும் என்டி வடிகட்டி வாங்குங்கள்: காலை வெளிச்சத்துக்கு 16, உச்சி வெயிலுக்கு 64.

பறக்கிற காட்சிக்கு ஒழுங்கு முக்கியம். முதலில் பின்னணியை எடுங்கள், ஆளை அல்ல. ஆளைப் பிறகு பச்சைத் துணிக்கு முன் எடுத்து, கணினியில் பச்சையை நீக்கிப் பின்னணியின் மேல் ஒட்ட வேண்டும். கல்லடிக் கடற்கரையில் வெள்ளெனக் கடலைப் பார்த்து எடுத்தால் சூரியன் நாயகனுக்குப் பின்னால் இருக்கும்; பின்னேரம் எடுத்தால் வெளிச்சம் ஊர்ப்பக்கமிருந்து வந்து முகத்தில் விழும். எதை எடுத்தீர்களோ அதே திசையில்தான் பச்சைத் துணிக்கு முன் விளக்கு வைக்க வேண்டும். ஒட்டவைத்தது போல் தெரிகிற படங்களில் பெரும்பாலானவற்றின் குற்றம் இதுதான். மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

பச்சைத் துணி மினுங்கக்கூடாது, சுருக்கம் இருக்கக்கூடாது. துணிக்குத் தனி விளக்கு, சமமாக. ஆள் துணியிலிருந்து இரண்டு மீற்றராவது முன்னே நிற்கட்டும், இல்லாவிட்டால் பச்சை நிறம் காதோரம், தலைமயிரில் ஏறும். 4கே தரத்தில் எடுத்து, முடிவில் 1080 ஆகச் சுருக்குங்கள். போன் படம் நிறத்தகவலைச் சுருக்கி வைப்பதால், நேரே 1080இல் எடுத்தால் ஓரம் பிய்ந்து தெரியும். வெட்டி ஒட்ட 'டாவின்சி ரிசால்வ்' இலவசப் பதிப்பே போதும்.

ஆளைக் கயிற்றில் தொங்கவிட வேண்டாம், ஆபத்து. பச்சைத் துணி போர்த்திய வாங்கில் வயிற்றைக் கொடுத்துப் படுக்கட்டும். கால் தொங்கும், அதனால் இடுப்புக்கு மேலே மட்டும் சட்டகம் வையுங்கள். முன்னால் ஒரு மேசை விசிறி. இறங்குகிற காட்சியில் ஆளையே காட்டாதீர்கள்: மணல் தெறிப்பு, துணி அடிக்கிற சத்தம், பிறகு கால். மூன்று நிமிடப் படத்துக்கு இப்படி ஆறேழு காட்சிக்கு மேல் தாங்காது. 2024இல் காட்சி விளைவுக்கு ஒஸ்கார் வென்ற ஜப்பானியப் படம் 'காட்சில்லா மைனஸ் ஒன்' 610 விளைவுக் காட்சிகளை 35 கலைஞர்களை வைத்து முடித்தது. இயக்குநரே விளைவுப் பொறுப்பாளராகவும் இருந்ததால், எது தேவை என்ற முடிவு உடனுக்குடன் கிடைத்தது. உங்கள் ஐவரிலும் அந்த முடிவெடுக்கிறவர் ஒருவராக இருக்கட்டும்.

உடுப்புக்கு இறுக்கமான நைலோன் வேண்டாம், வியர்வை தெரியும். வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பை (கூடைபோல் விரியும் பாரமான உடை) கிட்ட நின்று பாருங்கள். அந்தப் பாரமும் விரிவும்தான் ஆட்டக்காரனுக்கு அரச நடையைக் கொடுக்கிறது. நடையை மாற்றாத உடுப்பு சூப்பர் ஹீரோவுக்கு உதவாது.

'அயலான்' எப்படி?
– வாசகர், பொத்துவில்

வேற்றுக்கிரகவாசி நல்லா இருக்கிறான், வில்லனைத்தான் வேறு கிரகத்துக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைகளோடு பார்க்கலாம்.

எட்டு வயது மகனுக்கு முதல் சூப்பர் ஹீரோ படம் எதைக் காட்டலாம்?
– தாய், ஏறாவூர்

2018இல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வேர்ஸ்'. பல பிரபஞ்சத்தைத் திட்டிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். இதில் வேறு பிரபஞ்சத்தில் தங்கினால் உடம்பு சிதையும் என்ற விதி உண்டு, அதை மீறவும் இல்லை. தொடக்கத்தில் சிறுவன் மைல்ஸை செக்கனுக்கு 12 படமாகவும், அனுபவமுள்ள பீற்றரை 24 படமாகவும் அசைய விட்டிருக்கிறார்கள். ஒருவன் தடுமாறுவதும் மற்றவன் வழுகிப் போவதும் பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்கும். சாவு சில இடங்களில் வருகிறது, பக்கத்தில் இருந்து பாருங்கள். இதன் அடுத்த பாகம் (2023) 140 நிமிடம் ஓடி, கதை முடியாமல் நடுவில் நிற்கிறது. பத்து வயது வரை பொறுக்கலாம்.