சூடேறும் ஹெல்மெட் கண்ணாடி: ஸ்னோமொபைல் பிளக்கில் களிம்பு ஏறாமல் காப்பது எப்படி?

கேள்வி: பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டியில், மூட்டம் படியாமலிருக்கச் சூடேறும் ஹெல்மெட் கண்ணாடிக்கு மின்சாரம் தரும் சாக்கெட்டை இரண்டு சீசனுக்குள் மூன்று முறை மாற்றிவிட்டேன். புதிதாகப் போட்டதும் நன்றாக வேலை செய்கிறது. சில வாரங்களில் பிளக்கை ஆட்டினால்தான் சூடு வருகிறது. ஒருமுறை பிளக்கின் பிளாஸ்டிக்கே இளகிவிட்டது. விலை கூடிய சாக்கெட் வாங்கினால் தீருமா?

பதில்: தீராது. எவ்வளவு நல்ல சாக்கெட்டாக இருந்தாலும் உள்ளே தண்ணீர் தங்கினால் அதற்கும் இதே கதிதான்.

பெரும்பாலான ஸ்னோமொபைல்களில் இதற்கு இருப்பது ஆர்சிஏ சாக்கெட். டிவிடி பிளேயரின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறத்தில் செருகுவோமே, அதே வகை. பிளக்கின் நடுவில் ஒரு முள், அதைச் சுற்றி ஒரு வளையம். முள் சாக்கெட்டின் நடுத்துளைக்குள் போகும். நடுமுள் பாசிட்டிவ், வளையம் நெகட்டிவ். வீட்டுக்குள் ஒலிச் சிக்னலைக் கடத்துவதற்காக வந்த பொருள் இது. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் எதுவும் இதில் கிடையாது. ஓட்டும்போது மாவு போன்ற பனித்தூள் உள்ளே போகிறது, என்ஜின் சூட்டில் உருகுகிறது, நடுத்துளைக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள சில மில்லிமீட்டர் இடத்தில் நீராகத் தேங்குகிறது. அந்த ஈரத்தில் 12 வோல்ட் இருந்தால் பாசிட்டிவ் பக்க உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பழைய சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வளையத்தில் பச்சைக் களிம்பு லேசாகத்தான் இருக்கும். நடுத்துளையின் உள்சுவரோ கறுத்து, அரித்து, சொரசொரப்பாகியிருக்கும்.

பிளாஸ்டிக் இளகியதற்கும் இந்தக் களிம்புதான் காரணம். உங்கள் கண்ணாடியின் மின்தடை 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட்டில் அது 1.75 ஆம்பியர் இழுத்து, ஏறக்குறைய 24 வாட் சூடு தரும். களிம்பால் பிளக்கில் 1 ஓம் மட்டும் கூடினால் கண்ணாடிக்குப் போவது 19 வாட்டாகக் குறைந்துவிடும். பிளக்கின் நுனியில், கடுகளவு இடத்தில், 2.4 வாட் சூடாக இறங்கும். கண்ணாடியில் பனிமூட்டம் நிற்பதும் பிளக் இளகுவதும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

முதலில் பார்க்க வேண்டியது, சாவியை அணைத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கிறதா என்பது. நேராக பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருந்தால் வண்டி கொட்டகையில் நிற்கும்போதும் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். சாவியோடு அணையும் இணைப்புக்கு மாற்றுங்கள். ஹெல்மெட்டைச் செருகியபடி மறந்துவிட்டாலும் பேட்டரி காலியாகாது. இல்லையென்றால், வண்டி நிற்கும்போது 12 வோல்ட்டில் கண்ணாடி இழுக்கும் 1.5 ஆம்பியரே 18 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பன்னிரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிடும்.

அடுத்தது சாக்கெட் பார்க்கும் திசை. வானத்தைப் பார்த்து நிற்கும் சாக்கெட் ஒரு குட்டிக் கிண்ணம். ஓட்டுபவரைப் பார்த்தபடி, வாய் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். முழுக்கப் பக்கவாட்டில் திருப்பிவிடாதீர்கள். பிளக்கைக் கோணலாக இழுக்க நேர்ந்து வளையம் நெளியும்.

பிறகு மூடி. ரப்பர் மூடி சாக்கெட்டோடு வாரால் இணைந்ததாக இருக்கட்டும். தனி மூடி முதல் வாரத்திலேயே பனியில் தொலையும். ஒரு எச்சரிக்கை: ஈரத்தோடு மூடினால் திறந்தே வைப்பதைவிடக் கெடுதல், ஏனென்றால் உள்ளே போன நீர் வெளியேற வழியில்லை. பிளக்கைக் கழற்றியதும் துணி முனையால் ஒற்றிவிட்டு மூடுங்கள்.

கிரீஸ் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வேண்டியது மின்சாரம் கடத்தாத சிலிக்கான் கிரீஸ், கடைகளில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் என்று கேட்டால் கிடைக்கும். கடத்தாத பொருளைத் தடவினால் மின்சாரம் எப்படிப் போகும் என்ற சந்தேகம் நியாயமானது. முள் துளைக்குள் இறுக்கமாக நுழையும்போது உரசும் இடத்தில் கிரீஸ் விலகிவிடும், சுற்றியுள்ள இடுக்கை மட்டும் அடைத்து நிற்கும். முள்ளின் மேலும் வளையத்தின் உள்விளிம்பிலும் மெல்லிய பூச்சு போதும். துளை நிறைய அடைத்தால் பிளக் கடைசிவரை போகாது. செம்புத்தூள் கலந்த கிரீஸை இங்கே கொண்டுவரவே கூடாது, முள்ளையும் வளையத்தையும் இணைத்து ஷார்ட் ஆக்கிவிடலாம். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் சில வகை ரப்பரை ஊதவைக்கும்.

வண்டியைத் திறந்த டிரெய்லரில் ஏற்றி, உப்பு தூவிய சாலையில் கொண்டுபோகிறீர்கள் என்றால், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அந்தப் பயணம்தான் சாக்கெட்டைத் தின்கிறது. ஏற்றுவதற்கு முன் மூடி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வண்டி மேல் உறை இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: சாக்கெட், ஒயர், ஃபியூஸ் எல்லாம் சேர்ந்த கிட் வாங்கியிருக்கிறேன். கைப்பிடியைச் சூடாக்கும் ஒயர் பக்கத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். கைப்பிடிச் சூட்டுக்கு அதிகம், குறைவு என்று சுவிட்ச் இருக்கும். பல வண்டிகளில் மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பித்தான் சூட்டைக் குறைக்கிறார்கள். கைச்சூட்டைக் குறைத்தால் கண்ணாடியும் சேர்ந்து குளிரும், அணைத்தால் அணையும்.

கன்சோலுக்குப் பின்னால் கூடுதல் சாதனங்களுக்கென்றே மூடி போட்ட ஒரு கனெக்டர் இருக்கிறதா என்று வண்டியின் கையேட்டில் பாருங்கள். இருந்தால் அதற்குப் பொருந்தும் கிட்தான் சரியானது, எந்த ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை. இல்லையென்றால், சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் 12 வோல்ட் ஒயரை மல்டிமீட்டரால் கண்டுபிடியுங்கள். ஒரு கண்ணாடிக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பின்னால் உட்காருபவருக்கும் சாக்கெட் வேண்டுமென்றால் அதற்குத் தனி ஃபியூஸ் வையுங்கள். மின்சாரத்தை பேட்டரியிலிருந்து ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக எடுத்து, ரிலேயின் காயிலை மட்டும் சாவி ஒயரில் இணைத்தால் வண்டியின் பழைய ஒயருக்குச் சுமை ஏறாது. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அதனால் மின்சாரம் புறப்படும் இடத்திலிருந்து 15 செ.மீ.க்குள் அது இருக்க வேண்டும். சாக்கெட் அருகே வைத்தால் நடுவில் உள்ள ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அதனால் பயனில்லை.

ஒயர் 18 கேஜ், பல இழை கொண்ட செம்பு. இணைக்கும் இடத்தில், ஒயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பைத் தவிருங்கள். அது இழைகளை வெட்டும், அந்த வெட்டின் வழியே புகும் தண்ணீர் இழைகளுக்கிடையே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறும். அடுத்த சீசனில் ஒயரைச் சீவினால் உள்ளே செம்பு கரியாக இருக்கும். கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் ஒயர்களை நுழைத்து நசுக்கி), உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடேற்றுங்கள். இரு முனையிலும் பசை லேசாகப் பிதுங்கினால் மூடிவிட்டது என்று அர்த்தம். சால்டர் வைப்பதானால் அதன் இரு பக்கமும் ஒயரைக் கட்டி நிறுத்துங்கள். விறைத்துப்போன இடத்தின் ஓரத்தில்தான் அதிர்வு ஒயரை முறிக்கும்.

சாக்கெட்டுக்கு வரும் ஒயர் முதலில் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறட்டும், வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். சைலன்சரிலிருந்து ஒரு சாண் தள்ளியே ஒயர் போகட்டும். கட்டி முடித்ததும் ஹேண்டில்பாரை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை திருப்பி, ஒயர் எங்கும் இழுபடவில்லை, நசுங்கவில்லை என்று பாருங்கள். கடைசியாக மீட்டரின் சிவப்பு முனையை நடுத்துளையிலும் கறுப்பை வளையத்திலும் வைத்தால் மைனஸ் குறி இல்லாமல் அளவு வரவேண்டும்.

கேள்வி: ஹெல்மெட்டுக்குப் போகும் கேபிள் அறுந்துவிட்டது. வீட்டில் ஸ்பீக்கருக்கான ஆர்சிஏ கேபிள் இருக்கிறது. அதைப் போட்டால் என்ன?

பதில்: செருக முடியும் என்பதைத் தவிர வேறு பொருத்தம் இல்லை. சிக்னல் கேபிளின் நடு ஒயர் முடி போல மெல்லியது, ஒன்றரை ஆம்பியரில் சூடாகும். மேலுறை பிவிசி என்பதால் கடுங்குளிரில் குச்சிபோல விறைத்து வெடிக்கும். சுருள் கேபிள் அல்லது சிலிக்கான், ரப்பர் உறையுள்ள கேபிள் வாங்குங்கள். ஹெல்மெட் பக்க முனை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதையும் பார்த்து வாங்குங்கள். எழுந்து நின்று ஓட்டும்போதும் இழுபடாத நீளம் வேண்டும்.

பிளக் அடிக்கடி கழன்றுவிடுகிறது என்று டேப் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். விழுந்தால் அது கழன்றே ஆகவேண்டும், இல்லையென்றால் கேபிள் உங்கள் கழுத்தை வண்டியோடு இழுக்கும். பிளக்கின் வெளிவளையத்தில் உள்ள இதழ்களைக் குறட்டால் மிக லேசாக உள்நோக்கி அமுக்கினாலே பிடிப்பு திரும்பிவிடும்.

கேள்வி: பேட்டரி இல்லாத, கயிறு இழுத்துக் கிளப்பும் பழைய வண்டி. இதில் சாக்கெட் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் முதலில் ஒரு சோதனை. என்ஜின் ஓடும்போது விளக்கு ஒயரை மீட்டரின் டிசி நிலையிலும் ஏசி நிலையிலும் அளந்து பாருங்கள். டிசியில் பூஜ்யத்தை ஒட்டியும் ஏசியில் 12 முதல் 14 வரையும் காட்டினால் உங்களுடையது ஏசி வண்டி. கண்ணாடியில் இருப்பது வெறும் சூட்டுக் கம்பியாக இருந்தால் ஏசியிலும் சூடாகும். எல்இடி, சூட்டைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி இருந்தால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் போடாமல் செருகாதீர்கள். சில ஏசி வண்டிகளில் இரண்டு ஒயரில் எதுவும் சேஸிஸோடு (வண்டியின் உலோகச் சட்டத்தோடு) சேர்ந்திருக்காது. அப்படிப்பட்ட வண்டியில் வளையத்தை உலோகத்தோடு தொடவிடக் கூடாது, பிளாஸ்டிக்கில்தான் சாக்கெட்டைப் பொருத்த வேண்டும். என்ஜின் மெதுவாக ஓடும்போது கண்ணாடி சூடு குறையும், அது பழுது அல்ல.

கேள்வி: கண்ணாடியே போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்குவதற்கு முன் உறுதிசெய்ய முடியுமா?

பதில்: ஐந்து நிமிட வேலை. கேபிளைக் கண்ணாடியில் மாட்டி, வண்டிப் பக்க பிளக்கின் முள்ளுக்கும் வளையத்துக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். இடையில் மின்னணுப் பெட்டி இல்லாவிட்டால், ஏறக்குறைய 6 முதல் 12 ஓம் காட்டும் கண்ணாடி நன்றாக இருக்கிறது. பழுது வண்டிப் பக்கம். எதுவும் காட்டவில்லை என்றால் கேபிளைக் கழற்றிக் கண்ணாடியின் முனைகளில் நேராக அளந்து பாருங்கள். இப்போது அளவு வந்தால் அறுந்தது கேபிள்தான். கேபிளை மீண்டும் மாட்டி, மீட்டரை வைத்தபடி அதை இரு முனையிலும் மெல்ல மடக்குங்கள், எண் துள்ளும் இடத்தில்தான் உள்ளே முறிவு. கண்ணாடியின் முனைகளிலும் அளவு வரவில்லை என்றால்தான் புதுக் கண்ணாடி.