கேள்வி – பதில்: மூவரில் மூன்றாமவர்

கேள்வி: இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்றாலே பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி என்ற இரண்டு பெயர்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களுக்கு இணையாகத் துளசிதாஸ் பலராம் என்றொருவர் ஆடினார் என்பார் என் தாத்தா. அவர் உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா?

பதில்: உங்கள் தாத்தா சொன்னதில் மிகை ஏதும் இல்லை. பலராம் அந்த இருவரைவிட ஒரு மாற்றுக்கூடக் குறைந்தவர் அல்லர். 1936இல் செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில், ஓர் எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். உள்ளூர் ஆட்டம் ஒன்றில் அவரைக் கண்டுகொண்ட பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். போய்வரக் கையில் காசில்லை என்று இளைஞர் தயங்கியதும், வாடகை சைக்கிளுக்கு ரஹீமே பணம் கொடுத்தார். அந்தச் சைக்கிளை மிதித்துப் பயிற்சிக்குப் போனவர், 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் இருந்தார்.

இடது ஓரம், நடுமுனை என்று முன்வரிசையில் எங்கே நிறுத்தினாலும் ஆடக்கூடியவர் என்பதே அவருடைய தனிச்சிறப்பு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் வலிமை மிக்க ஹங்கேரிக்கு எதிராக இந்தியா 0-2 என்று பின்தங்கியிருந்தபோது, 79ஆம் நிமிடத்தில் பலராம் ஒரு கோல் அடித்தார்; ஆட்டம் 1-2 என்று முடிந்தது. பிரான்சுடன் சமன் செய்தபின், கடைசி ஆட்டத்தில் பெரு நாட்டிடம் 1-3 என்று தோற்றோம். அந்த ஒரே கோலும் பலராம் அடித்ததுதான். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை என்பதால், ஒலிம்பிக்கில் நம் நாடு அடித்த கடைசி கோல் இன்று வரை அவருடையதாகவே இருக்கிறது. இந்த ஒரு செய்தியையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜப்பானை 2-0 என்று வென்றபோது ஒரு கோல் பானர்ஜியும் மற்றொன்றைப் பலராமும் அடித்தனர். அந்தப் போட்டியில்தான் தென் கொரியாவை இறுதியாட்டத்தில் வென்று இந்தியா தங்கம் பெற்றது.

கேள்வி: அப்படியானால் அவர் பெயர் ஏன் நிலைக்கவில்லை?

பதில்: நுரையீரல் நோய் 1963இல், 27 வயதை ஒட்டியே, அவருடைய ஆட்டத்தை முடித்துவிட்டது. கோஸ்வாமி பின்னர் கிரிக்கெட்டில் வங்காள அணிக்குத் தலைமை தாங்கினார். பானர்ஜி புகழ்பெற்ற பயிற்சியாளரானார். மக்கள் கண்ணில் அவர்கள் பட்டுக்கொண்டே இருந்தார்கள். ஈஸ்ட் பெங்கால் அணிக்குத் தலைமை தாங்கிய பலராமோ, ரயில்வே வேலையோடு ஒதுங்கி, பிற்காலத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்தார். அர்ஜுனா விருது 1962இலேயே கிடைத்தது. மற்ற இருவருக்கும் தரப்பட்ட பத்மஸ்ரீ மட்டும் அவருக்குத் தரப்படவில்லை. இதை நான் பெரும் அநீதியாகவே கருதுகிறேன். மூவரில் பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020இல் அடுத்தடுத்து மறைந்தார்கள். கடைசியாக எஞ்சியிருந்த பலராம் 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில் காலமானார்.