அழுகிய செடிகளில் விதை நேர்த்தி செய்தவையே அதிகம், ஏன்?

கேள்வி: நிலக்கடலை விதையில் பெரும்பகுதிக்கு விதை நேர்த்தியாக, வேரழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சாணத்தைக் கலந்து விதைத்தேன், கொஞ்சத்தை அப்படியே போட்டேன். அடையாளம் வைத்த 200 செடிகளில் 160 நேர்த்தி செய்தவை, 40 செய்யாதவை. வேரழுகலில் போனவை 28. அதில் 16 நேர்த்தி செய்தவை, செய்யாதவை 12தான். அப்படியானால் இது வீண் வேலையா?

பதில்: வீண் இல்லை. உங்கள் கணக்கே அதைச் சொல்கிறது. அழுகிய செடிகளை மட்டும் பிரித்துப் பார்த்ததால்தான் இந்தக் குழப்பம். பிழைத்த செடிகளையும் சேர்த்து இருவழி அட்டவணையாக எழுதுங்கள்:

நேர்த்தி செய்தவை: அழுகியவை 16, நல்லவை 144, மொத்தம் 160
செய்யாதவை: அழுகியவை 12, நல்லவை 28, மொத்தம் 40
மொத்தம்: அழுகியவை 28, நல்லவை 172, ஆக 200

நேர்த்தி செய்த செடி அழுக எவ்வளவு வாய்ப்பு என்பதுதானே உங்களுக்குத் தெரிய வேண்டும்? அப்போது முதல் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கையால் மறைத்துவிடுங்கள். 160-ல் 16, அதாவது 10 சதவீதம். அடுத்த வரிசையில் 40-க்கு 12, 30 சதவீதம். நேர்த்தி செய்யாத விதையில் அழுகல் மூன்று மடங்கு. இதற்குப் பெயர்தான் நிபந்தனை நிகழ்தகவு: எந்த நிபந்தனையோ அந்த வரிசையின் மொத்தத்தால் வகுக்க வேண்டும், 200-ஆல் அல்ல.

நீங்கள் பார்த்தது 28-ல் 16, சுமார் 57 சதவீதம். அழுகிய செடி ஒன்றைப் பிடுங்கினால் அது நேர்த்தி செய்ததாக இருக்கும் வாய்ப்பு அது. கேள்வியே வேறு. அடையாளம் வைத்ததில் ஐந்தில் நான்கு பங்கு நேர்த்தி செய்தவை என்பதால் அந்த எண் பெரிதாகத் தெரிகிறது. மருந்து எதுவுமே செய்யாதிருந்தால் 28-ல் 22, 23 செடிகளாவது அந்தப் பக்கம் இருந்திருக்கும். இருப்பது 16.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். நேர்த்தி செய்யாத விதை முழுவதும் ஒரே மூலையில், முன்பே அழுகல் கண்ட மண்ணில் விழுந்திருந்தால், இந்த வித்தியாசத்தில் மண்ணுக்கும் பங்குண்டு. அட்டவணை அதைப் பிரித்துக் காட்டாது. அடுத்த பட்டத்தில் ஒரு சால் விட்டு ஒரு சால் மாற்றி விதைத்து எண்ணுங்கள். அப்புறம் வரும் சதவீதத்தை இன்னும் உறுதியாக நம்பலாம். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா போதும். கார்பண்டாசிம் போன்ற பூஞ்சாணக் கொல்லியோடு சேர்த்துக் கலக்காதீர்கள், உயிர்ப் பூஞ்சாணமும் அதில் செத்துவிடும்.