வாசகர் கேள்வி – பதில்: காமன் கூத்துக்கு எந்த இரவு?

கேள்வி: கொழும்பில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு இந்த மாசியில் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தைக் காட்ட ஆசை. ஒரே ஓர் இரவுதான் கிடைக்கும். எதைக் கவனிக்கச் சொல்வது?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: காமன் தகனம், அதாவது சிவன் மன்மதனை எரிக்கும் கட்டம், நடக்கும் கடைசி இரவுக்கே கூட்டிப் போங்கள். மாசி அமாவாசை கழிந்து கூத்தின் தொடக்கமாகக் கம்பம் ஊன்றினால், தகனம் பௌர்ணமியை ஒட்டி வரும். நாள் தோட்டத்துக்குத் தோட்டம் முன்பின் ஆகும். கூத்து மாஸ்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மதன் (மன்மதன்) அம்பு விடுவதும் நெற்றிக்கண்ணில் எரிவதும் அவன் மனைவி ரதி புலம்புவதும் இரவு நன்றாக ஏறிய பிறகுதான். பாதியில் எழுந்து போகிறவர்கள் கூத்தின் உயிரையே விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளைப் பின்னேரமே தூங்கவைத்து, கம்பளியோடு கூட்டிப் போங்கள்.

தப்பு என்ற பறையை அடிக்கும் தப்புக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பனியில் தோல் ஈரம் இழுத்துத் தொய்ந்து, அடி ‘பொத் பொத்’ என்று மந்தமாகும். உடனே வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, தோலில் சுடர் படாமல் தப்பைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சுவார்கள். இடையிடையே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள்; கணீரென்றால் போதும். கூடக் காய்ந்தால் தோல் வெடித்துவிடும். இடக்கையில் நீளமான மெல்லிய குச்சி, வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. பாத்திரத்துக்கேற்ப அடி மாறுவதைப் பிள்ளைகள் காதாலேயே பிடித்துவிடுவார்கள்.

கேள்வி: போனில் படம் எடுக்கலாமா?

பதில்: கேட்டுவிட்டு எடுங்கள். வேடம் கட்டுகிறவர்களில் பலர் நேர்த்திக்கடனுக்காக விரதம் இருப்பவர்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இருட்டில் ஆடுகிறவருக்குக் கண் கூசி அடி தவறும்.