எதை வாங்குவது என்று கேட்ட தங்கச்சிக்கு

கேள்வி: கொக்குவிலில் மாமியோடு இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் டவுனில் வேலை. சூழலைக் கெடுக்காமல் வாழவேணும் என்று ஆசை. மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரோ, கண்ணாடிப் போத்தல் என்று பட்டியல் போட்டால் சம்பளத்தில் பாதி போய்விடும்போல இருக்கிறது. எதை முதலில் வாங்குவது?

பதில்: ஒன்றும் வாங்கவேண்டாம் தங்கச்சி, முதலில் கிணற்றடிக்குப் போங்கள். உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, கிணறு மட்டும் இல்லை. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிடையாது, வழுக்கையாறும் மாரியோடு சரி. நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீரைத்தான், அதுவும் கடல் உவருக்கு மேலே ஒரு படையாக மிதந்துகொண்டு நிற்கிற தண்ணீர். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பது இதனால்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே ஏறிவிடும். மோட்டரைப் போட்டுவிட்டுத் தாங்கி வழியும்வரை மறந்திருக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே விடுங்கள்.

இன்னொன்று, சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் அதிகம். மலசலகூடக் குழியில் இருப்பதும், தோட்டத்துக்குக் கூடுதலாகப் போட்ட யூரியாவும் வடிபடாமலே கிணற்றுக்கு வந்து சேரும். இப்படிச் சேர்கிற நைத்திரேற்று தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது, கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால் ஆபத்து. அதனால் கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள். வளவுக்குப் பசளை வேண்டுமென்றால் குசினிக் கழிவையும் கூட்டி அள்ளுகிற சருகையும் ஒரு கிடங்கில் போட்டு உக்க விடுங்கள். பூவரசங் குழையைப் பசளையாக மண்ணில் தாழ்த்துப் பயிர் செய்த ஊர் இது, மாமியிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்லுவா. சருகோடு பொலித்தீனையும் சேர்த்துக் கொளுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தப் புகை நஞ்சு.

சாப்பாடு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் சீட்டை 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்தார்கள், ஆனாலும் கடைப் பார்சல் இன்னும் பொலித்தீனில்தான் வருகிறது. வேலைக்கு வீட்டுச் சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுபோங்கள். சந்தைக்குப் பனையோலைக் கடகம் போதும். கொக்குவிலுக்கும் டவுனுக்கும் இடையில் சைக்கிளே ஓடலாம், இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போங்கள்.

அப்புறம், ஏதாவது வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கூரையில் வழிகிற மழைத் தண்ணீரை ஏந்துகிற பீலி வாங்குங்கள். 1000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தாலே 900 லீற்றருக்கு மேல் தண்ணீர், இப்போது அது ஒழுங்கையில்தான் ஓடுகிறது. ஐப்பசிக்கு முன்னமே பூட்டிவிடுங்கள். முதல் மழையில் கூரை கழுவுப்படட்டும், அந்தத் தண்ணீரை வெளியே விடுங்கள். பிறகு வருவதை மலசலகூடக் குழிக்குத் தூரமாக, கல்லும் மணலும் போட்ட ஒரு கிடங்குக்குள் இறக்குங்கள், அது வடிந்து நிலத்தடித் தண்ணீரோடு சேரட்டும். வடிகட்டாமல் நேரே கிணற்றுக்குள் மட்டும் விடவேண்டாம்.