பழைய பில்லிங் மென்பொருளோடு எஸ்க்யூஎல் சர்வரையும் நீக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளாகப் பில் போட்ட மென்பொருளை விட்டுவிட்டுப் புதியது வாங்கியிருக்கிறேன். கணினி மெதுவாக இருப்பதால், பழையதோடு வந்த எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸையும் நீக்கச் சொல்கிறார் புதியதை நிறுவ வந்தவர். நீக்கலாமா?

பதில்: நீக்கலாம். ஆனால் இன்றே வேண்டாம். எஸ்க்யூஎல் சர்வர் என்பது பில்லிங் மென்பொருளின் தரவைச் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்; எக்ஸ்பிரஸ் அதன் இலவசப் பதிப்பு. உங்கள் பில்கள், இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் அந்த சர்வரின் கோப்புகளில்தான் இருக்கின்றன. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அதற்கான ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். உங்கள் முதல் ஆண்டுக் கணக்குக்கே அந்தக் கெடு இன்னும் முடியவில்லை.

முதலில் பழைய விற்பனையாளரிடம் பேசுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் முடிவதற்குள் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: முழு பேக்கப், எல்லா பில்களும் பேரேடுகளும் எக்செல் கோப்பாக. பேக்கப் மட்டும் போதாது. அதே பதிப்பு அல்லது அதற்குப் பிந்தைய சர்வரில்தான் அதைத் திறக்க முடியும். திறந்தாலும், பழைய மென்பொருள் இல்லாமல் அந்த அட்டவணைகளைப் படித்துப் புரிந்துகொள்வது கடினம். தரவு உங்களுடையது; தயங்காமல் எழுத்து மூலம் கேளுங்கள். அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, பழைய பில் ஒன்றாவது சரியாக வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் பேக்கப்பை நம்பவே கூடாது.

அடுத்து, புதிய மென்பொருளும் இதே சர்வரில்தான் ஓடுகிறதா என்று நிறுவ வந்தவரிடம் கேளுங்கள். ஓடினால், நீக்கியதும் புதியதும் நின்றுவிடும். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் 'எஸ்க்யூஎல் சர்வர்' என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் இன்ஸ்டன்ஸ் பெயர், அதாவது அந்தக் கணினியில் தனித்தனியாக நிறுவிய ஒவ்வொரு சர்வரின் பெயர். பழைய மென்பொருளுக்குரியதை மட்டும் நிறுத்தி, 'டிசேபிள்டு' என்று மாற்றிவிட்டு, ஒரு ஜிஎஸ்டி தாக்கல் முடியும்வரை பொறுத்திருங்கள். இப்படி நிறுத்தினாலே அது பிடித்திருந்த நினைவகம் விடுபட்டுவிடும். அதற்குப் பிறகும் கணினி மெதுவாகவே இருந்தால், குற்றம் சர்வர்மீது இல்லை. ரேம் போதாமல் இருக்கலாம், ஹார்டு டிஸ்க் பழையதாகியிருக்கலாம்.

இடையூறு எதுவும் இல்லையென்றால் கன்ட்ரோல் பேனல் வழியாக நீக்குங்கள். 'மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர்' என்ற பதிவைத் தேர்ந்து 'ரிமூவ்' கொடுத்தால், எந்த இன்ஸ்டன்ஸ் என்று கேட்கும். அங்கே அவசரப்படாதீர்கள். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையைக் கையால் அழிப்பதும், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரிஜிஸ்ட்ரியில் கைவைப்பதும் வேண்டவே வேண்டாம். பாதி அழிந்த சர்வர் மறுபடி நிறுவும்போது பெரும் தொல்லை தரும். சர்வரோடு மற்ற மென்பொருள்களை இணைக்கும் ஓடிபிசி டிரைவர், நேட்டிவ் கிளையண்ட் போன்றவை பட்டியலில் மிஞ்சினால் விட்டுவிடுங்கள். மற்ற மென்பொருள்களும் அவற்றைப் பயன்படுத்தலாம், இடமும் அதிகம் பிடிக்காது.

நீக்கிய பிறகும் தரவுக் கோப்புகள் பெரும்பாலும் டேட்டா கோப்புறையில் அப்படியே இருக்கும். அவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, கடைக்கு வெளியே வேறோர் இடத்தில் வையுங்கள். பழைய மென்பொருளின் நிறுவல் கோப்பும் உரிம எண்ணும் அதே டிஸ்கில் இருக்கட்டும்.